அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: வாட்டைக் கேட்காதீங்க, ஹெர்ட்ஸைக் கேளுங்க

வீட்டில் கட்டுற வால்வு ஆம்ப்ளிஃபயர் பற்றிய நம்ம வரிசையில் இது மூணாவது எபிசோட். போன ரெண்டு எபிசோடில் வால்வு எப்படி வேலை செய்யுது, டேட்டாஷீட்டை எப்படிப் படிக்கிறதுன்னு பார்த்தோம். இன்னிக்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு கெட்டுப்போனா பிடுங்கிட்டு வேற சொருகலாம். ரெசிஸ்டர், கபாசிட்டர் எல்லாம் சில ரூபாய் சமாச்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் அப்படி இல்ல. நான் சாஃப்ட்வேர் ஆளு, ஒரு மாற்றம் சரியில்லன்னா ரோல்பேக் பண்ணிட்டுத் தூங்கப் போயிடுவேன். சுத்தி முடிச்ச இரும்புக்கு ரோல்பேக் கிடையாது.

இது எதுக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன். வால்வு அதிக வோல்ட்டேஜ், குறைஞ்ச கரன்ட் தர்ற ஆசாமி. ஸ்பீக்கர் குறைஞ்ச வோல்ட்டேஜ், அதிக கரன்ட் கேட்கிற ஆசாமி. நடுவில் ஒரு தரகர் வேணும். ஈஎல்84 வால்வு ஒண்ணு சுமார் 5000 ஓம் லோடை எதிர்பார்க்குது, ஸ்பீக்கர் 8 ஓம். 5000-ஐ 8-ஆல் வகுத்தா 625, அதோட வர்க்கமூலம் 25. அதாவது ப்ரைமரியில் 25 சுற்றுக்கு செகண்டரியில் 1 சுற்று. இவ்வளவுதான் கணக்கு. இது மட்டும்தான் விஷயம்னா இந்த எபிசோட் இங்கேயே முடிஞ்சிருக்கும்.

சில பேர் 5000 ஓமா, 5200 ஓமான்னு ராத்திரி தூக்கத்தைத் தொலைப்பாங்க. தேவையே இல்ல. 8 ஓம்னு எழுதியிருக்கிற ஸ்பீக்கர் ஒரு இடத்தில் 6 ஓம் காட்டும், ரெசனன்ஸ்ல 30 ஓமுக்கு மேலகூடப் போகும். பாட்டு ஓடும்போது வால்வு பார்க்கிற லோடு நிமிஷத்துக்கு நூறு தடவை மாறுது. 4 சதவீத வித்தியாசத்தை யாரும் கேட்கப் போறதில்ல.

சரி, கேட்கக்கூடியது எது? அதுக்கு ஒரு மெயிலைச் சொல்றேன். சேலத்திலிருந்து ஒரு நேயர், பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார். அவர் அப்பா ஒரு காலத்தில் வால்வு ரேடியோ ரிப்பேர் பார்த்தவர், இப்போ 74 வயசு. வலது காது ஏற்கெனவே மந்தம். இன்னொண்ணும் போறதுக்குள்ள ஒரு வால்வு செட்டு கட்டி அவர் முன்னாடி வெச்சு எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளைப் போட்டுக் காட்டணும்னு இவருக்கு ஆசை. கையில இருக்கிறது: அப்பாவோட பழைய டப்பாவில் நாலு ஈஎல்84, பழைய ரேடியோக்களிலிருந்து கழட்டின ரெண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர். ‘டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும். ரேடியோவில் இருந்ததையே போட்டு சிங்கிள் எண்டட் கட்டவா, கடையில் சுத்தவா, வெளிநாட்டில் இருந்து வாங்கவா?’ இதுதான் கேள்வி.

அவர் போடப்போற பாட்டு என்னன்னு சொன்னது எனக்குப் பெரிய உதவி. அந்தப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் பின்னாடி உட்கார்ந்து தலையாட்டுற வாத்தியம் இல்ல, தனியா ஒரு மெட்டு பாடிக்கிட்டே வரும். நாலு கம்பி பேஸ் கிட்டாரில் தடிச்ச கம்பியைத் திறந்து மீட்டினா 41 ஹெர்ட்ஸ். இந்த எண்ணை மனசுல வெச்சுக்கங்க. நம்ம டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் பரீட்சை.

டிரான்ஸ்ஃபார்மர்ல ‘10 வாட்’னு போட்டிருக்கும். அந்த 10 வாட் எந்த ஃப்ரீக்வன்சியில்? இதைக் கேட்காம காசை எடுக்காதீங்க. கோர்ல உருவாகிற காந்தப்புலம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதம், ஃப்ரீக்வன்சிக்குத் தலைகீழ் விகிதம். ஃப்ரீக்வன்சி பாதியானா, அதே வோல்ட்டேஜுக்குப் புலம் ரெண்டு மடங்கு. இரும்பு தாங்குற அளவுக்கு மேல போனா சாச்சுரேஷன்: ப்ரைமரி திடீர்னு வெறும் கம்பி மாதிரி ஆயிடும், சத்தம் நசுங்கும். தாங்கணும்னா வோல்ட்டேஜைப் பாதியாக்கணும், அதாவது பவர் கால் பங்கு. 50 ஹெர்ட்ஸ்ல 10 வாட் தர்ற டிரான்ஸ்ஃபார்மர் நம்ம 41 ஹெர்ட்ஸ்ல சுமார் 6.7 வாட் தரும், பரவாயில்ல. அதே 10 வாட்டை 100 ஹெர்ட்ஸ்ல கணக்குப் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா? 41 ஹெர்ட்ஸ்ல 1.7 வாட். ரெண்டு பெட்டியிலும் ஸ்டிக்கர் ஒண்ணுதான். விலையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கலாம். எடை மட்டும் பொய் சொல்லாது.

இதுல இன்னொரு சிக்கல்: எல்டிஸ்பைஸ் மாதிரி சிமுலேட்டரில் ரெண்டு இண்டக்டரைப் போட்டு இணைச்சு டிரான்ஸ்ஃபார்மர்னு ஓட்டினா அது சாச்சுரேட் ஆகவே ஆகாது. கோர் மாடலைத் தனியா எழுதினாத்தான் உண்டு. திரையில் 10 ஹெர்ட்ஸ் வரைக்கும் கோடு நேரா போகும், மனசு குளிர்ந்துடும். என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

இப்போ சிங்கிள் எண்டட் விஷயம். கேட்க ரொம்ப எளிமையான சர்க்யூட்: ஒரு வால்வு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஆனா வால்வுக்கு வேண்டிய டிசி கரன்ட் முழுக்க ப்ரைமரி வழியாத்தான் ஓடும். ஈஎல்84-க்கு அது 48 மில்லிஆம்பியர். ப்ரைமரியில் 3000 சுற்றுன்னு வெச்சுக்கங்க, கோர் குறுக்களவு 6 சதுர சென்டிமீட்டர். இடைவெளி விடாம இரும்பை அடுக்கினா, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இந்த டிசி மட்டுமே கோரை நிரப்பிடும். அதனால கோர்ல வேணும்னே ஒரு காற்று இடைவெளி விடறாங்க. மொத்தம் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டா, டிசி உண்டாக்கற புலம் சுமார் 0.9 டெஸ்லாவோட நிக்கும். சாதாரண சிலிக்கான் ஸ்டீல் 1.5 டெஸ்லாவைத் தாண்டினா திணற ஆரம்பிக்கும். மிச்சம் இருக்கிற அரை டெஸ்லாவில்தான் பாட்டு முழுக்க நடக்கணும். 5 வாட்டுக்கு ப்ரைமரியில் 158 வோல்ட் வேணும், 40 ஹெர்ட்ஸ்ல அது ஏறக்குறைய 0.49 டெஸ்லா கேட்கும். ரெண்டையும் கூட்டினா 1.4. ஒரு மயிரிழை மிச்சம்.

கவனிச்சீங்களா? காசு கொடுத்து வாங்கின இரும்புல பாதிக்கு மேல டிசி குடியிருக்கு, வாடகை கூடத் தர்றதில்ல.

புஷ்-புல்ல ரெண்டு வால்வு. நடு டேப்புல இருந்து டிசி ரெண்டு பக்கமும் எதிரெதிராப் பிரிஞ்சு ஓடுது. ரெண்டும் சமமா இருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், இரும்புக்கு டிசி பாரமே தெரியாது. இடைவெளி வேண்டாம். அதே கோர், அதே சுற்று, அதே 158 வோல்ட்டை வெச்சு 40 ஹெர்ட்ஸுக்குப் பதிலா 15 ஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் இறங்கலாம். இல்லன்னா 40 ஹெர்ட்ஸ்லயே நின்னு பல மடங்கு பவர் எடுக்கலாம். சிங்கிள் எண்டடோட குரல் இனிமையைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. அவங்க சொல்றதுல உண்மையும் இருக்கு. ஆனா பட்ஜெட் இறுக்கமா இருக்கிறவருக்கு அது பணக்கார டோபாலஜி. இரும்பை நிறைய வாங்க முடிஞ்சவங்களுக்குத்தான் அது சரியாப் பாடும். இது என் கருத்து, திட்டணும்னா மெயில் போடுங்க.

சாச்சுரேஷன் ஒரு பக்கம்னா, ப்ரைமரி இண்டக்டன்ஸ் இன்னொரு பக்கம். அடி ஃப்ரீக்வன்சியில் ப்ரைமரி லோடுக்குப் பேரலலா வந்து சிக்னலைத் திருடும். ஈஎல்84-ஐ அதன் இயல்பான பென்டோடாவே வெச்சா உள் ரெசிஸ்டன்ஸ் 38 கிலோஓம், 5 கிலோஓம் லோடோட பேரலல் சேர்த்தா 4.4 கிலோஓம். இண்டக்டன்ஸ் 10 ஹென்றி மட்டும்தான்னா, 70 ஹெர்ட்ஸ்லயே 3 டெசிபல் விழுந்துடும். அதே வால்வோட ஸ்கிரீனைப் பிளேட்டோட கட்டி ட்ரையோடா மாத்தினா உள் ரெசிஸ்டன்ஸ் 2 கிலோஓம் பக்கம் வரும், அதே டிரான்ஸ்ஃபார்மர் 23 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். பவர் 2 வாட் பக்கம் சுருங்கிடும், அது வேற கதை. அப்போ டிரான்ஸ்ஃபார்மரைத் தனியா நல்லது கெட்டதுன்னு சொல்லவே முடியாது, எந்த வால்வோட குடும்பம் நடத்துதுங்கறதைப் பொறுத்தது.

இண்டக்டன்ஸுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பழைய உதாரணம். 1947-ல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர். புஷ்-புல் ட்ரையோடு, 10 கிலோஓம் ப்ரைமரி, குறைஞ்சது 100 ஹென்றி இண்டக்டன்ஸ். கணக்குப் போட்டா 3 ஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் போகுது. 3 ஹெர்ட்ஸ் யார் காதுக்கு? யாருக்கும் இல்ல. அவர் டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளே சேர்த்து 20 டெசிபல் ஃபீட்பேக் கொடுத்தார். டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு ஓரத்திலும் ஃபேஸைத் திருப்பும். அந்தத் திருப்பம் கேட்கும் எல்லைக்கு ரொம்ப வெளியே நடக்கலன்னா ஃபீட்பேக் தலைகீழாகி ஆம்ப்ளிஃபயரே ஆஸிலேட்டர் ஆயிடும். அதுக்காகத்தான் அவ்வளவு இரும்பு. நீங்க மலிவான டிரான்ஸ்ஃபார்மர் போட்டா, ஃபீட்பேக்கை அள்ளிக் கொட்டிச் சரி பண்ணிடலாம்னு நினைக்காதீங்க. சாச்சுரேட் ஆன இரும்பை ஃபீட்பேக் எழுப்பாது. வால்வை இன்னும் பலமா அடிக்கச் சொல்லும், அவ்வளவுதான்.

மேல் ஃப்ரீக்வன்சி பற்றிக் கொஞ்சமா. ப்ரைமரியோட புலம் முழுக்க செகண்டரிக்குப் போய்ச் சேராம வழியில சிந்தறது லீக்கேஜ் இண்டக்டன்ஸ். ட்ரையோடு உதாரணத்திலேயே 30 மில்லிஹென்றி லீக்கேஜ் இருந்தா 37 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அது போதும். ப்ரைமரி மொத்தத்தையும் சுத்திட்டு அதுக்கு மேல செகண்டரியைச் சுத்தினா லீக்கேஜ் எகிறும். ரெண்டையும் துண்டு துண்டாப் பிரிச்சு மாத்தி மாத்திச் சுத்தணும். ரொம்பப் பிரிச்சாலும் அடுக்குகளுக்கு நடுவில் கபாசிட்டன்ஸ் கூடும். செகண்டரி மூணு துண்டு, ப்ரைமரி ரெண்டு துண்டுன்னு அஞ்சு அடுக்கு நம்ம மாதிரி வேலைக்குப் போதுமானது.

இப்போ கடைவீதிக்கு வருவோம். நேயர் கையில் இருக்கிற ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர். அது கெட்ட சாமான் இல்ல, அது செஞ்ச வேலை வேற. மரப்பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் கோன் ஸ்பீக்கர், செய்தியும் பாட்டும் கேட்கணும், அதுக்கு 41 ஹெர்ட்ஸ் எதுக்கு? கோர் சின்னதா இருக்கும். இன்னொண்ணு, அந்தக் கால ரேடியோ ஸ்பீக்கர் பலதும் 3 ஓம், 5 ஓம். 5 கிலோஓமை 3.2 ஓமுக்கு மாத்தச் சுத்தினதுல 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினா வால்வுக்கு 12.5 கிலோஓமாத் தெரியும்.

அடுத்தது, மைக் செட்காரங்க ஹார்ன் ஸ்பீக்கருக்குப் பின்னாடி மாட்டுற 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர். மலிவு, எங்கேயும் கிடைக்கும், உலகம் பூரா ஆட்கள் இதை வெச்சு விளையாடியிருக்காங்க. அதுல 5 வாட் டேப்புன்னா 2 கிலோஓம், 1.25 வாட் டேப்புன்னா 8 கிலோஓம். வாட் நாலில் ஒண்ணுன்னா சுற்று ரெண்டு மடங்கு, அதனால 1.25 வாட் டேப்பை ஒரு முனையாகவும் 5 வாட் டேப்பை நடு டேப்பாகவும் வெச்சு புஷ்-புல் கட்டலாம். புத்திசாலித்தனமான தந்திரம். ஆனா 8 கிலோஓம்ல 10 வாட் வேணும்னா 283 வோல்ட் போகணும், அது 100 வோல்ட்டுக்குச் செஞ்ச இரும்பு. இன்சுலேஷனும் 300 வோல்ட் டிசிக்குச் செஞ்சதில்ல. 230 வோல்ட்டுக்கு 9 வோல்ட் மெயின்ஸ் டொராய்டு இதைவிட மேல்: விகிதம் 25.6, 8 ஓமை 5.2 கிலோஓமாக் காட்டும், 50 ஹெர்ட்ஸ்ல 10 வாட் தாங்கும். ஆனா ப்ரைமரி 115, 115-ன்னு ரெண்டா இருக்கிறதாப் பார்க்கணும், வால்வு ரெண்டுக்கும் நடுவில் சில மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தாலே டொராய்டு முகம் சுளிக்கும். கத்துக்க நல்லது. அப்பாவுக்குக் கொடுக்கிற செட்டுக்கு நான் போட மாட்டேன்.

வெளிநாட்டுச் சாமானில் கனடாவின் ஹேமண்ட், ஸ்வீடனின் லுண்டால் ரெண்டுக்கும் டேட்டாஷீட் ஒழுங்கா இருக்கு. ஹேமண்ட் 1608 சரியா நம்ம தேவை: 8 கிலோஓம் புஷ்-புல், 10 வாட். லுண்டால்ல ஒரு நல்ல பழக்கம், ஒரே மாடலை எத்தனை மில்லிஆம்பியருக்கு இடைவெளி விடணும்னு எண்ணோட சேர்த்து விப்பாங்க, புஷ்-புல்லுக்கு இடைவெளி இல்லாம தனியா. ஆனா இரும்பை விமானத்தில் ஏத்தி, சுங்கமும் கட்டினா, விலை எங்கேயோ போயிடும்.

அதனால நேயருக்கு என் பதில்: நாலு வால்வு இருக்கே, ஸ்டீரியோ புஷ்-புல்லுக்குச் சரியா அதுதான் வேணும். ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரை அப்பா கையிலேயே கொடுத்துடுங்க, அவர் வெச்சிருக்கட்டும். உள்ளூர் வைண்டிங் கடையில் ரெண்டு சுத்தக் கொடுங்க. ஆனா ‘10 வாட் ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மர்’னு வாயால சொல்லாதீங்க. பேப்பர்ல எழுதிக் கொடுங்க: ப்ரைமரி 8 கிலோஓம், நடு டேப்போட, ரெண்டு பாதியும் ஒரே சுற்று. செகண்டரி 8 ஓம். 40 ஹெர்ட்ஸ்ல 10 வாட். டிசி வோல்ட்டேஜ் 300. அஞ்சு அடுக்கு வரிசை படமா வரைஞ்சு. சுற்று விகிதம் 31.6. கடைக்காரர் ஸ்டெபிலைசர், யுபிஎஸ் டிரான்ஸ்ஃபார்மர் சுத்திப் பழகினவர், கை சுத்தமா இருக்கும். அவர் ஈ, ஐ ஸ்டாம்பிங்கை மாத்தி மாத்தி அடுக்குவார். புஷ்-புல்லுக்கு அதுவேதான் வேணும். சிங்கிள் எண்டடா இருந்தா ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவில் பேப்பர்னு நீங்க நின்னு சொல்லணும். இல்லன்னா பழக்க தோஷத்தில் இடைவெளியே இல்லாம வந்துடும். 0.1 மில்லிமீட்டர் பேப்பர் வெச்சா புலம் ரெண்டு இடத்தில் அதைத் தாண்டுது, அதனால மொத்த இடைவெளி 0.2. இந்த ஒரு வரியை எழுதாம விட்டுப் பணத்தைத் தொலைச்சவங்க உண்டு.

வாங்கிட்டு வந்ததும் சர்க்யூட்ல மாட்டறதுக்கு முன்னாடி மேசையில் வெச்சுப் பாருங்க. சின்ன 12 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரோட வெளியீட்டை ப்ரைமரி முழுக்கக் கொடுங்க, செகண்டரியில் 0.38 வோல்ட் வரணும். செகண்டரி பக்கம் ஏசி கொடுத்து ப்ரைமரியை அளக்காதீங்க, 12 வோல்ட் அங்கே 380 வோல்ட்டாப் பிறக்கும். ரெண்டு பாதியிலும் தனித்தனியா 6 வோல்ட் இருக்கான்னு பாருங்க. இண்டக்டன்ஸுக்கு, சீரிஸ்ல ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அது மேல விழற வோல்ட்டேஜை அளங்க. 0.38 வோல்ட் விழுந்தா 10 ஹென்றி, அதுல பாதி விழுந்தா 20 ஹென்றி. கையடக்க எல்சிஆர் மீட்டர் இதுக்கு உதவாது, அது கொடுக்கிற துளி வோல்ட்டேஜில் இரும்பு முழிச்சுக்கவே இல்ல. லீக்கேஜுக்கு அந்த மீட்டர் சரி: செகண்டரியை ஷார்ட் பண்ணி ப்ரைமரியை அளந்தா வந்துடும்.

பிறகு முதல் தடவை ஸ்விட்ச் போடும்போது செகண்டரியில் கட்டாயம் லோடு இருக்கணும். ஸ்பீக்கர் வேண்டாம், 8 ஓம் 20 வாட் ரெசிஸ்டர் போடுங்க. லோடு இல்லாம பென்டோடுக்கு சிக்னல் போனா ப்ரைமரியில் வோல்ட்டேஜ் எகிறி இன்சுலேஷனைக் குத்திடும், சுத்தின காசு அதோட போச்சு. இன்னொண்ணு, உள்ளே 300 வோல்ட் இருக்கு. ஸ்விட்சை அணைச்ச பிறகும் ஃபில்டர் கபாசிட்டரில் அது உட்கார்ந்திருக்கும். ப்ளீடர் ரெசிஸ்டர் போட்டிருந்தாலும் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுக் கை வைங்க, ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கங்க. ரிப்பேர் பார்த்த அப்பாவுக்கு இதெல்லாம் சொல்லித் தரத் தேவையிருக்காது, முதல் தடவை பவர் கொடுக்கும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வெச்சுக்கங்க.

ப்ளீடரோட மதிப்பு எப்படி எடுக்கிறது, ஃபில்டருக்கு எவ்வளவு மைக்ரோஃபாரட், இதெல்லாம் அடுத்த எபிசோடில், பவர் சப்ளையோட.